எழுதப்படாத மருத்துவர்

திருக்குறளின் பொருட்பாலில் ‘படைச்செருக்கு’ எழுபத்தெட்டாம் அதிகாரம். ‘மருந்து’ தொண்ணூற்றைந்தாம் அதிகாரம். இரண்டிற்கும் இடையே பதினேழு அதிகாரத் தொலைவு. முன்னது புண்படுதலைப் பெருமையாகக் கொண்டவனைப் பேசுவது. பின்னது நோயின் முதலை ஆராய்ந்து தணிப்பவனைப் பேசுவது. ஒரே மனிதன் தன் வாழ்நாளில் தொண்ணூற்றைந்தாவதிலிருந்து எழுபத்தெட்டாவதற்குப் பின்னோக்கி நடந்தால் அவனை நம் இலக்கியம் எங்கே வைக்கும்? வகுப்பறையில் எழுந்த ஐயம் அன்று இது. கதைப் பாத்திரமாகக் கற்பித்துக் கொள்ளத் தக்கதொரு மனிதர் நம் கண்ணெதிரே மெய்யாக வாழ்ந்து மறைந்திருக்க, அவரை நம் கதைகள் ஏன் தொடாது விட்டன என்னும் கேள்வியிலிருந்து எழுந்தது.

ஆர்க்காடு துரைசாமி லோகநாதன் என்பது அவர் பெயர். 1888-இல் பிறந்தவர். ஆங்கில ஆட்சியின் இந்திய மருத்துவப் பணியில் அதிகாரியாகி லெப்டினன்ட் கர்னல் நிலைக்கு உயர்ந்தவர். 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தபோது கைதியான இந்தியப் படையினருள் ஒருவர். அப்பொழுது அவர் ஐம்பதைக் கடந்துவிட்டார். ஐம்பதைக் கடந்த அரசு ஊழியர் ஒருவர் எதை எண்ணிக்கொண்டிருப்பார் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஓய்வூதியக் கணக்கை நானும் அறிவேன். அந்த வயதில்தான் அவர் தாம் உறுதிமொழி எடுத்துப் பணியாற்றிய அரசை விட்டுப் பிரிந்து, அதற்கெதிராகக் கிளம்பிய இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்தார். 1943 அக்டோபர் 21-ஆம் நாள் சிங்கப்பூரில் நேதாஜி சுபாஸ் சந்திர போஸ் அறிவித்த சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கத்தில் ஓர் அமைச்சரானார். அடுத்த ஆண்டு அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைமை ஆணையரானார். 1945-இல் இரங்கூனில் எஞ்சிய படையின் தளபதியானார். பின்னர் ஆங்கிலேயரின் கைதியானார். 1949-இல் மறைந்தார்.

இளமைத் துடிப்பால் துப்பாக்கி ஏந்தியவர் அல்லர். இழப்பதற்கு நிறைய வைத்திருந்தவர். நாவலாசிரியன் ஒருவன் இதைவிட வளமான பாத்திரத்தைத் தேடி எங்கே போவான்?

ஆயினும் நம் நாவல்கள் எங்கே போயின என்று பார்ப்போம். ஜப்பானியர் காலத்தைத் தமிழ்ப் புனைகதை புறக்கணித்தது என்று யாரும் குறை கூற இயலாது. ப. சிங்காரம் எழுதிய ‘கடலுக்கு அப்பால்’ 1959-இலும், ‘புயலிலே ஒரு தோணி’ 1972-இலும் வெளிவந்தன. முன்னதன் நாயகன் செல்லையா, பின்னதன் நாயகன் பாண்டியன் ஆகிய இருவருமே நேதாஜி படையிற் பயின்றவர்கள். நம் நாட்டில் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993-இல் வந்தது. அ. ரெங்கசாமி ‘நினைவுச்சின்னம்’ நாவலில் அதே இரயில் பாதையின் கொடுமையை எழுதினார். ‘இமயத் தியாகம்’ நாவலில் இந்திய தேசிய இராணுவத்தையே பொருளாகக் கொண்டார். இவற்றில் கடையாள் வருகிறான், வட்டிக்கடை முதலாளி வருகிறார், பால்மரம் வெட்டுபவன் வருகிறான், காணாமற் போனவர்களைத் தேடும் குடும்பம் வருகிறது. படை மருத்துவர் எவரும் நடுப்பாத்திரமாக வந்ததாக நான் படிக்கவில்லை. காலரா வந்து மக்கள் கொத்துக் கொத்தாக மடியும் இடங்களில்கூட மருத்துவர் ஓரத்தில் நிற்பவராகவே இருக்கிறார்.

இதற்குக் காரணம் எழுத்தாளரின் கவனக்குறைவு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணம் இரப்பர்த் தோட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. பேராக் மாநிலத்துத் தோட்டங்களில் வளர்ந்த எவரையும் கேட்டுப் பாருங்கள். லயத்து மக்கள் அன்றாடம் கண்ட மருத்துவம் ‘டிரெசர்’ என்னும் ஒரே மனிதருக்குள் அடங்கிவிட்டது. காய்ச்சலுக்குக் கொய்னா, புண்ணுக்குச் சிவப்பு மருந்து, வேலைக்குப் போகாதிருக்கச் சீட்டு, எல்லாம் அவர் கையில். அவருக்கு மேலே இருந்த பெரிய டாக்டர் எப்போதோ காரில் வந்து போவார். வரிசையில் நின்ற பிள்ளைகளின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத் துரை வீட்டில் தேநீர் அருந்தப் போய்விடுவார். தோட்டத்துத் தமிழனுக்கு மருத்துவர் என்றால் கம்பெனியின் ஆள். ஆங்கிலம் பேசுபவர். ஆளும் பக்கத்தைச் சேர்ந்தவர். நம் நாவலாசிரியர் பெரும்பாலோர் அந்த வரிசையில் நாக்கை நீட்டி நின்றவர்களின் பிள்ளைகள். காரில் வந்து போனவரின் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்று எழுத அவர்களுக்கு வழியுமில்லை, ஒரு வகையில் விருப்பமும் இருந்திருக்காது. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காரில் வந்த வகுப்பிலிருந்தே சிலர் இறங்கி வந்து பக்கம் மாறினார்கள் என்பது வரலாறு. 1943-இன் தற்காலிக அமைச்சரவைப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் அதில் குறைந்தது மூவர் மருத்துவர்: லோகநாதன், நிதித்துறையை ஏற்ற லெப்டினன்ட் கர்னல் ஏ. சி. சாட்டர்ஜி, மகளிர் துறையை ஏற்ற கேப்டன் இலட்சுமி. முதலிருவரும் இந்திய மருத்துவப் பணியிலிருந்து வந்தவர்கள்; மூன்றாமவர் சிங்கப்பூரில் தொழில் செய்துவந்த பெண் மருத்துவர்.

இம்மூவருள் இருவர் நூல் எழுதினர். சாட்டர்ஜி இந்தியாவின் விடுதலைப் போராட்டம் பற்றிய தமது நூலை 1947-இலேயே வெளியிட்டார். இலட்சுமி சேகலின் ‘எ ரெவல்யூஷனரி லைஃப்’ என்னும் நினைவு நூல் 1997-இல் வந்தது. லோகநாதனின் குரலைக் கேட்க விரும்புபவர் நீதிமன்றப் பதிவுக்குள்தான் நுழைய வேண்டும். அதைப் பின்னர்க் காண்போம். அதற்கு முன் அந்தமானுக்குப் போவோம்.

நம் மேடைகளில் அந்தமான் கதை எப்படிச் சொல்லப்படுகிறது என்பது யாவரும் அறிந்ததே. 1943 டிசம்பர் 30-ஆம் நாள் போர்ட் பிளேரில் நேதாஜி மூவண்ணக் கொடி ஏற்றினார். தீவுகளுக்கு ‘ஷாகீத்’ என்றும் ‘சுவராஜ்’ என்றும் பெயரிட்டார். தமிழர் ஒருவரை ஆளுநராக்கினார். இந்திய மண்ணில் முதலில் விடுதலை பெற்ற பகுதி அதுவே. இவ்வளவும் பேச்சுப் போட்டியில் கைதட்டல் பெறும். சில ஆண்டுகளுக்கு முன் ஈப்போவில் நடந்த பேச்சுப் போட்டி ஒன்றில் நடுவராக அமர்ந்திருந்தேன். ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் இதைத் தொண்டை நரம்பு புடைக்கப் பேசினான். முதற் பரிசும் பெற்றான். மதிப்பெண் கொடுத்தவருள் யானும் ஒருவன். வீடு திரும்பும் வழியெல்லாம் மனம் ஒப்பவில்லை.

ஏனெனில் நடந்தது அதுவன்று. தீவுகளை 1942 மார்ச்சில் ஜப்பானியர் கைப்பற்றினர். அங்கிருந்த இந்தியச் சுதந்திரச் சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் திவான் சிங். இவரும் படையின் மருத்துவராகப் பணியாற்றியவரே. 1927-இல் அந்தமானுக்கு மாற்றப்பட்டவர். பஞ்சாபி மொழியின் புதுக்கவிதை முன்னோடிகளுள் ஒருவர். மக்களுக்காக ஜப்பானியரிடம் வாதாடிய அவரையே அவர்கள் உளவாளி என்று குற்றஞ்சாட்டிச் செல்லுலர் சிறையில் அடைத்துச் சித்திரவதை செய்தனர். நேதாஜி அச்சிறையைப் பார்வையிட்ட நாளில் திவான் சிங் அதே கட்டடத்தின் வேறொரு பகுதியில் உயிருக்குப் போராடிக் கொண்டிருந்தார். தலைவரின் பார்வை அங்கே செல்லாதபடி ஜப்பானியர் பார்த்துக் கொண்டனர். 1944 சனவரி 14-ஆம் நாள் திவான் சிங் இறந்தார். அதே மாதம் 30-ஆம் நாள் ஹம்ஃப்ரிகஞ்ச் என்னுமிடத்தில் 44 இந்தியர் உளவுக் குற்றஞ் சாட்டப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். சங்கத்தைச் சேர்ந்தவர்களே அவர்களுள் பலர்.

இந்தக் குருதி காய்வதற்கு முன், பிப்ரவரியில், தலைமை ஆணையராக லோகநாதன் அங்கே போய் இறங்குகிறார்.

ஒரு மருத்துவர், தம்மைப் போன்ற இன்னொரு மருத்துவர் கொல்லப்பட்ட ஊருக்கு, கொன்றவர்களின் விருந்தினராக ஆளச் செல்கிறார். நாடகத்தின் உச்சம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும். சேக்சுபியர் கைக்கு இது கிட்டியிருந்தால் ஐந்து அங்கம் எழுதியிருப்பார். நாம் ஒரு சிறுகதைகூட எழுதவில்லை.

அங்கே அவர் செய்தது என்ன? முழு நிருவாகத்தையும் கேட்டார். போர் முடியும் வரை படிப்படியாகத்தான் தரமுடியும் என்றனர் ஜப்பானியர். காவல் துறையைத் தாருங்கள் என்றார். தரவில்லை. காவல் துறை கைக்கு வராமல் மற்றத் துறைகளை ஏற்பது பொருளற்றது என்று கருதி, கல்வித் துறை ஒன்றை மட்டும் ஏற்றுக் கொண்டார். 1944-இன் பிற்பகுதியில் தீவுகளை விட்டு நீங்கினார். ஆளுநர் என்று நாம் முழங்குபவர் ஆண்டது பள்ளிக்கூடங்களைத்தான்.

பள்ளிக்கூடத்தில் காலந்தள்ளும் எனக்கு இச்செய்தி இழிவாகப் படவில்லை. ஆனால் இதை மறைத்து ‘ஆளுநர்’ என்று மட்டும் சொல்லும்போது நாம் அவருக்குப் பெருமை சேர்ப்பதாக எண்ணிக் கொண்டு, அவர் செய்த ஒரே மெய்யான தீர்மானத்தை அழித்துவிடுகிறோம். காவல் துறை இல்லாமல் மற்றவற்றை ஏற்க மறுத்தார் அல்லவா, அதன் பொருளை நினைத்துப் பாருங்கள். ஏற்றிருந்தால் அடுத்த ஹம்ஃப்ரிகஞ்சில் அவர் கையெழுத்தும் இருந்திருக்கும். நோயாளியைத் தொட்டுப் பார்க்க விடாமல் மருந்துச் சீட்டில் மட்டும் ஒப்பமிடச் சொன்னால் எந்த மருத்துவரும் மறுப்பார்; அவர் மறுத்தது அந்தப் பழக்கத்தால்தான் என்பது என் கருத்து. கருத்துத்தான், சான்று காட்ட இயலாது. அதே வேளையில், அவர் பதவியை உடனே தூக்கியெறிந்து விட்டுத் திரும்பவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மாதக்கணக்கில் அங்கேயே இருந்தார். ஏன் இருந்தார் என்னும் இடத்தில்தான் நாவல் தொடங்க வேண்டும்.

இனி நீதிமன்றம். 1945 நவம்பர் 5-ஆம் நாள் தில்லிச் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவர் மீதும் வழக்குத் தொடங்கியது. மன்னருக்கெதிராகப் போர் தொடுத்தனர் என்பது குற்றச்சாட்டு. பூலாபாய் தேசாய் எடுத்த வாதம் இது: தற்காலிக அரசாங்கம் ஒரு முறையான அரசு, அதற்கு அமைச்சர் உண்டு, படை உண்டு, நாடுகள் சிலவற்றின் ஏற்பு உண்டு, ஆட்சிப் பரப்பும் உண்டு, ஆகவே அதன் படையினர் கலகக்காரர் அல்லர், போர் செய்யும் உரிமை பெற்ற அரசொன்றின் வீரர். ஆட்சிப் பரப்பு என்றதற்கு முதற் சான்று அந்தமான். எனவே லோகநாதன் எதிர்வாதத் தரப்பின் சாட்சியாக வந்து நின்றார்.

அந்தக் கூண்டில் நின்றவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். தோழர் மூவரின் உயிர் தூக்குக் கயிற்றில் ஊசலாடுகிறது. ‘தீவுகளை நாங்கள் ஆண்டோம்’ என்று கூட்டிச் சொன்னால் வாதத்திற்கு வலுச் சேரும். அரசுத் தரப்பு வழக்குரைஞர் குறுக்கு விசாரணையில் எதையெல்லாம் பெற்றுக் கொண்டீர் என்று துருவுகிறார். கல்வித் துறை மட்டுமே முழுமையாகத் தம் கைக்கு வந்தது என்பதை லோகநாதன் ஒளிக்கவில்லை. பொய் சொல்ல வேண்டிய அத்தனை காரணமும் இருந்த இடத்தில் அவர் சொன்ன மெய் அது. நம் மேடைப் பேச்சாளருக்குப் பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லை, ஆனாலும் சொல்கிறோம்.

1946 சனவரி 3-ஆம் நாள் தண்டனை அறிவிக்கப்பட்டது. மூவருக்கும் ஆயுள் முழுதும் நாடு கடத்தல் என்று விதித்த அத்தண்டனையைப் படைத்தலைவர் ஆக்கின்லெக் நீக்கிவிட்டார். மூவரும் விடுதலையாயினர். மக்கள் எழுச்சியே காரணம். லோகநாதனின் சாட்சியம் தீர்ப்பை எப்பக்கமும் அசைத்திராது. ஆகையால்தான் வரலாற்று நூல்கள் அதை ஓரிரு வரிகளில் கடந்து செல்கின்றன. இலக்கியம் அப்படிக் கடந்து செல்ல வேண்டியதில்லை.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டியுள்ளது. லோகநாதனை ஆங்கிலேயர் எப்பெயரால் அழைத்தனர்? துரோகி, ஜப்பானியர் தூண்டிய ஐந்தாம் படை. அதைச் சுருக்கி ‘ஜிஃப்’ என்று ஏளனப் பெயரும் வைத்திருந்தனர். நாம் விடுதலை வீரர் என்கிறோம். பிரிந்து சென்றவனுக்கு எக்காலத்தும் பெயர் வைப்பவன் பிரியப்பட்டவனே. நம் அண்டை நாடான பிலிப்பீன்சின் ஓசே ரிசால் இதை நன்கு அறிந்திருந்தார். அவரும் மருத்துவர்; கண் மருத்துவத்தில் தேர்ந்தவர். 1891-இல் வெளிவந்த தமது இரண்டாம் நாவலுக்கு ‘எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ’ என்று பெயரிட்டார். இசுப்பானிய ஆட்சியிலிருந்து பிரிய நினைப்பவன் என்று யாரையாவது ஒழிக்க வேண்டுமானால் ஆட்சியாளர் அவன் மேல் ஒட்டிய முத்திரைச் சொல் அது. அந்த வசைச் சொல்லையே நூலின் நெற்றியில் எழுதினார். 1896-இல் கியூபாவில் இசுப்பானியப் படைக்கு மருத்துவராகத் தொண்டாற்றத் தாமே முன்வந்து கப்பலேறினார். வழியிலேயே பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்து, கலகத்தின் தலைவன் என்று சுட்டுக் கொன்றனர். டிசம்பர் 30-ஆம் நாள் அது. போர்ட் பிளேரில் கொடியேறிய தேதியும் அதுவே என்பது தற்செயல். ஆயினும் என் போன்றோர்க்கு நாட்காட்டியில் இவ்விரண்டையும் அடுத்தடுத்து எழுதாமல் இருக்க முடிவதில்லை. படை மருத்துவராகப் போக இருந்தவரைப் பிரிவினைவாதி என்று கொன்றார்கள். படை மருத்துவராய் இருந்தவர் தாமே பிரிந்து வந்தார். பிலிப்பீன்சு மக்களுக்கு ரிசாலே நாவலாசிரியராகவும் வாய்த்தார். லோகநாதனுக்கு எழுத ஆளில்லை.

வீரர் என்னும் சொல்லை நாம் கேள்வியின்றி வழங்குவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. தயக்கத்திற்குக் காரணம் ஈப்போவிலிருந்து சிறிது தொலைவிலேயே உள்ள பாப்பான் என்னும் சிற்றூர். ஈப்போ புரூஸ்டர் சாலையில் மருத்துவமனை நடத்தி வந்தவர் ஈழத் தமிழ் வழியினரான டாக்டர் ஏ. சி. கார்த்திகேசு. அவர் துணைவியார் சிபில், தாதியும் மருத்துவச்சியும் ஆவார். 1899-இல் சுமத்திராவின் மேடானில் யுரேசியக் குடும்பத்திற் பிறந்தவர். கந்தோனியச் சீனம் சரளமாகப் பேசியவர். ஜப்பானியர் ஈப்போவை அடையுமுன் குடும்பம் பாப்பானுக்குப் பெயர்ந்தது. அங்கே கடைவீதி வீடொன்றில், இரவில் பின்வழியாக வந்த ஜப்பானிய எதிர்ப்புக் கொரில்லாக்களுக்குச் சிபில் குண்டு எடுத்துக் கட்டுப் போட்டார். மறைத்து வைத்த வானொலியில் செய்தி கேட்டுப் பரப்பினார். 1943-இல் கெம்பெய்த்தாய் என்னும் ஜப்பானிய இராணுவக் காவல் படை அவரைப் பிடித்தது. அவர் பட்ட வதை எழுத்தில் அடங்காது. சிறு மகள் டானைத் தீயின் மேல் கட்டித் தொங்கவிட்டு மிரட்டியும் அவர் வாய் திறக்கவில்லை. போர் முடிந்ததும் பத்து காஜா சிறையிலிருந்து வெளிவந்தவர், ஜார்ஜ் பதக்கம் பெற்று, அந்தக் காயங்களாலேயே 1948 சூன் 12-ஆம் நாள் பிரிட்டனில் உயிர் நீத்தார். அவர் எழுதி வைத்த ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ 1954-இல் நூலாகி, 1983-இல் மறுபதிப்புக் கண்டது.

ஆண்டுகளை ஒட்டி வைத்துப் பாருங்கள். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் லோகநாதன் அமைச்சராக உறுதிமொழி எடுக்கிறார். அதே மாதத்தில் பேராக்கில் சிபில், அவ்வமைச்சரவையின் கூட்டாளியான ஜப்பானியரிடம் வதைபடுகிறார். தோட்டத்துத் தமிழரோ சயாம் பாதைக்குக் கூட்டங் கூட்டமாகப் போனவர் போனவராய் இருக்கின்றனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை அந்த அக்டோபரில்தான் முடிந்தது. சயாமுக்குத் தப்பவே நேதாஜி படையிற் சேர்ந்தோம் என்று சொன்ன முதியவர்களை யான் அறிவேன். வெற்றுப் பயத்தால் சேர்ந்தவர் என்று அவர்களை இகழ நாம் யார்? சேர்ந்த பின் இம்பால் வரை நடந்தவர்களும் அவர்களுள் உண்டு.

சிபிலின் நூலை இலக்கியமாக வைத்துப் பார்த்தால் அதன் வலிமை எங்கே இருக்கிறது? அரசியல் விளக்கத்தில் இல்லை. அவர் கொரில்லாக்களின் கொள்கையை ஏற்றவரும் அல்லர், ஆழ்ந்த கத்தோலிக்கர். கதவைத் தட்டியவன் காயம்பட்டவன், ஆகவே கதவு திறக்கிறது. மருத்துவம் அவரை அரசியலுக்குள் இழுத்தது. அரசியல் மருத்துவத்தை விட்டு வெளியே இழுக்கவில்லை. அந்நூலில் ஒரு பக்கம்கூட வீர உரை இல்லை. பஞ்சும் கட்டுத்துணியும் மருந்தும் எப்படிக் கிடைத்தன என்னும் கவலை நிறைய இருக்கிறது. அதுவே படிப்பவரை நம்ப வைக்கிறது. இந்நூலைப் பேராக்கின் தமிழ் இளைஞர் படிக்க வேண்டும். நம் ஊர்ப் பெயர்களெல்லாம் அதில் உள.

இலட்சுமியின் நூல் வேறு வகை. 1914-இல் சென்னையிற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938-இல் பட்டம் பெற்று, 1940-இல் சிங்கப்பூர் வந்து, ஏழைத் தொழிலாளர்க்கு மருத்துவம் பார்த்தவர். ஜான்சி ராணிப் படையின் தலைவியானார். ஈப்போவிலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் பெண்கள் அப்படையிற் சேர்ந்தனர். அவர் நூல் நேர்மையானது, தெளிவானது. ஆனால் மருத்துவராய் இருந்தவர் துப்பாக்கி ஏந்திய கணத்தில் உள்ளே நேர்ந்த உரசலைத் தேடினால் ஏமாற்றமே. தலைவர் அழைத்தார், ஏற்றேன் என்பது போல ஓடிவிடுகிறது. ஐயமே இல்லாதவர் வாழ்க்கையில் உயர்ந்தவராய் இருக்கலாம். நினைவு நூலில் அவர் நமக்கு ஒரு கதவை மூடிவிடுகிறார். அவர் வாழ்வின் பிற்பகுதி அந்நூலைவிடச் சிறந்த விடை சொல்கிறது. கான்பூரில் மருத்துவமனை நடத்தி, 1971-இல் வங்காள அகதிகளிடையே பணியாற்றி, 1984-இல் போபால் நச்சுவாயுக் கொடுமையின்போது மருத்துவக் குழுவோடு சென்று, தொண்ணூறு வயதைக் கடந்தும் நோயாளிகளைப் பார்த்து, 2012-இல் மறைந்தார். எழுபத்தெட்டாம் அதிகாரத்திலிருந்து தொண்ணூற்றைந்துக்கு நடந்தே திரும்பி விட்டார்.

லோகநாதனுக்கு அத்தனை ஆண்டுகள் வாய்க்கவில்லை. ஆயினும் இரங்கூன் நாட்களை நினைக்கும்போது அவரும் திரும்பியவர்தான் என்று தோன்றுகிறது. 1945 ஏப்ரல் 24-ஆம் நாள் நேதாஜி இரங்கூனை விட்டு நீங்கினார். ஜப்பானியரும் வெளியேறினர். ஆங்கிலேயர் இன்னும் வரவில்லை. இடைப்பட்ட நாட்களில் நகரத்திற்கு உடையவரே இல்லை. 1942-இல் இதே போன்ற இடைவெளியில் பர்மாவின் இந்தியர் கொள்ளைக்கும் கொலைக்கும் அஞ்சிக் காடு மலை கடந்து நடந்தோடி வழியிலேயே மடிந்த கதை எல்லார் நினைவிலும் பசுமையாய் இருந்தது. அந்நாட்களில் மேஜர் ஜெனரல் லோகநாதன் சில ஆயிரம் வீரருடன் நகரிலேயே தங்கினார். அவர் பெற்ற கட்டளை மக்களின் உயிரும் உடைமையும் காப்பது. தம்மைச் சிறைப்பிடிக்கப் போகிறவர்கள் வந்து சேரும்வரை காவல் காத்து, மே மாதத் தொடக்கத்தில் அவர்கள் நுழைந்ததும் நகரை ஒப்படைத்துக் கைதியானார். 1942-இன் பேரழிவு அங்கே மீளவில்லை. அவர் தளபதியாய் இருந்த காலத்தின் பெரிய செயல் யாரையும் சுடாமல் இருந்தது. கிருமி பரவாமல் தடுப்பது போன்ற வேலை. நடக்காமற் போனதை யாரும் பாடுவதில்லை.

மாக்கியவெல்லி கணக்கில் இது தோல்வி. நம் பரணிக் கணக்கிலும் தோல்வியே. ஆயிரம் யானை கொன்றவனுக்குத்தான் அங்கே இடம். அந்த இலக்கிய மரபு நம் எழுத்தாளரின் கையை இன்னும் பிடித்துக் கொண்டிருக்கிறது என்பதே என் முறையீடு. சிங்காரத்தின் பாண்டியன் ஒருவன்தான் அப்பிடியிலிருந்து சற்று நழுவியவன். அவன் நேதாஜி படை கலைந்த பின் இந்தோனேசிய விடுதலைப் போரிலும் கலந்து, ஊர் திரும்பாமலே முடிகிறான். வெற்றி தோல்விக்கு அப்பால் ஒரு மனிதனைப் பார்க்கத் தமிழ் நாவலுக்குத் தெரியும் என்பதற்கு அவன் போதும். உருசிய நாவலாசிரியர் பாஸ்டர்நாக் படை மருத்துவர் சிவாகோவை இரு தரப்புக்கும் இடையில் அலையவிட்டு 1957-இல் உலகையே படிக்க வைத்தார். நமக்குக் கற்பனையும் தேவையில்லை. போர்ட் பிளேரும் பாப்பானும் இரங்கூனும் கிடைத்திருக்கின்றன.

இதையெல்லாம் எழுதத் தூண்டிய அம்மாணவனின் பள்ளி என் பள்ளிக்கு அருகில்தான். மறு ஆண்டு அவன் இடைநிலைப் பள்ளிக்குச் சென்றுவிட்டான். அவன் தம்பி அதே தலைப்பில் பேசப் பயிற்சி எடுத்துக் கொண்டிருந்தான். அவன் ஆசிரியை கேட்டுக் கொண்டதால் ஒரு மாலை போய் உட்கார்ந்து, திவான் சிங் கதையையும், 44 பேர் கதையையும், கல்வித் துறை மட்டும் கிடைத்த கதையையும் சொன்னேன். பையன் குறித்துக் கொண்டான். ‘அப்போ ஆளுநர் னு சொல்லலாமா கூடாதா ஐயா?’ என்று கேட்டான். சொல், ஆனால் கல்வித் துறை என்பதையும் சேர்த்துச் சொல் என்றேன். அப்படியே பேசினான். கைதட்டல் குறைவு. மூன்றாம் பரிசு கிடைத்தது.